கிராமப்புற அமெரிக்கக் கவுண்டியில் அரசுப் பள்ளிகளை ஒப்பிடுவது எப்படி? கிழக்குக் கென்டக்கியை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்கத் தமிழர்கள் என்றதும் நியூ ஜெர்சி, டல்லாஸ், கலிஃபோர்னியா என்றுதான் மனம் போகும். ஜே-1 விசாவில் மருத்துவ மேற்பயிற்சி முடித்தவர்கள் போய்ச் சேரும் ஊர்கள் வேறு. பயிற்சி முடிந்ததும் இரண்டு ஆண்டுகள் தாய்நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்ற விதியிலிருந்து விலக்கு வேண்டுமானால், மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்று ஆண்டுகள் பணிபுரிய வேண்டும். இதற்காக 'கான்ராட் 30' திட்டத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆண்டுக்கு 30 இடங்கள் இருக்கின்றன. அப்படித்தான் பல தமிழ்க் குடும்பங்கள் அப்பலாச்சிய மலைகளுக்குள் குடியேறுகின்றன. எங்கள் வீட்டில் மருத்துவர் என் மனைவி. பள்ளி தேடும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது.

நகர்ப்புறத்தில் இருக்கும் நண்பர்கள் ஒரே ஒரு ஆலோசனைதான் சொன்னார்கள்: "பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று இணையத்தில் பார், எட்டுக்கு மேல் இருந்தால் அந்தப் பகுதியில் வீடு எடு." பெரிய புறநகருக்கு அது ஓரளவு சரி. மலைக் கவுண்டிக்குச் சரிப்படாது. (கவுண்டி என்பது மாநிலத்துக்குள் ஒரு நிர்வாகப் பிரிவு, நம் ஊர் மாவட்டம் மாதிரி.) ஏன் என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். உதாரணத்துக்குக் கென்டக்கியின் கிழக்குக் கோடியில் இருக்கும் பைக் கவுண்டியை எடுத்துக்கொள்கிறேன். பரப்பளவில் அந்த மாநிலத்தின் மிகப் பெரிய கவுண்டி அதுதான். ஏறத்தாழ 788 சதுர மைல். நிலக்கரிச் சுரங்கங்கள் சுருங்கச் சுருங்க மக்களும் குறைந்தார்கள். 2010 கணக்கெடுப்பில் 65,000 பேர் இருந்த இடத்தில் 2020-இல் 59,000 பேர்கூட இல்லை. முறை எல்லாக் கிராமப்புறக் கவுண்டிக்கும் பொருந்தும். பெயர்களும் விதிகளும் மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

ஒரு சொல்லைத் தெளிவாக்கிவிடுகிறேன். நம் ஊரில் 'பப்ளிக் ஸ்கூல்' என்று பலகை இருந்தால் பெரும்பாலும் அது கட்டணம் கறக்கும் தனியார் பள்ளி. அமெரிக்காவில் பப்ளிக் ஸ்கூல் என்றால் வரிப்பணத்தில் நடக்கும் அரசுப் பள்ளி. கட்டணம் கிடையாது. ஹெச்-4 விசாவில் (பணி விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கானது) வந்த பிள்ளைக்கும் அங்கே இடம் உண்டு.

முதல் படி: கவுண்டி வேறு, பள்ளி மாவட்டம் வேறு

பள்ளிகளை நடத்துவது 'பள்ளி மாவட்டம்' என்ற தனி அமைப்பு. அதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியம், பெரும்பாலும் அந்த வாரியம் நியமிக்கும் கண்காணிப்பாளர், தனி வரி எல்லாம் உண்டு. ஃபுளோரிடாவிலும் மேற்கு வர்ஜீனியாவிலும் ஒரு கவுண்டிக்கு ஒரு பள்ளி மாவட்டம்தான். டெக்சாஸில் மாவட்ட எல்லைக்கும் கவுண்டி எல்லைக்கும் தொடர்பே இல்லை. கென்டக்கி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: 120 கவுண்டிகள், 171 பள்ளி மாவட்டங்கள். கவுண்டிகளின் எண்ணிக்கையைத் தாண்டி இருப்பவை 'இன்டிபெண்டன்ட்' என்று பெயர் சூட்டிக்கொண்ட நகரப் பள்ளி மாவட்டங்கள்.

பைக் கவுண்டியிலும் அப்படித்தான். பைக்வில் நகரத்துக்கு ஒரு தொடக்கப் பள்ளி, ஓர் உயர்நிலைப் பள்ளி என்று சிறிய தனி மாவட்டம் இருக்கிறது. மீதி மலையெல்லாம் பரந்து கிடப்பது கவுண்டி மாவட்டம். பெல்ஃப்ரி, ஃபெல்ப்ஸ், ஈஸ்ட் ரிட்ஜ், ஷெல்பி வேலி, பைக் கவுண்டி சென்ட்ரல் என்று அதன் உயர்நிலைப் பள்ளிகள் பள்ளத்தாக்குக்கு ஒன்றாக இருக்கின்றன. தபால் முகவரியில் 'பைக்வில்' என்று இருந்தாலே நகரப் பள்ளி என்று நினைத்துவிடக் கூடாது. தபால் எல்லை நகர எல்லையைத் தாண்டிப் போகும். வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அந்தக் கதவிலக்கத்தைச் சொல்லி மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். வீட்டுத் தரகரின் வாய்மொழி போதாது.

எல்லைக்கு வெளியே இருந்தும் சேர்க்கலாமா? கென்டக்கியில் 2021-இல் வந்த சட்டத்தின்படி, வெளி மாவட்டப் பிள்ளைகளைச் சேர்ப்பது குறித்து ஒவ்வொரு வாரியமும் 2022 ஜூலைக்குள் ஒரு கொள்கையை வகுத்தாக வேண்டியிருந்தது. எனவே வழி உண்டு, இடம் இருந்தால். ஆனால் மஞ்சள் பேருந்து உங்கள் வாசலுக்கு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். காலையும் மாலையும் ஓட்டிக்கொண்டு போக வீட்டில் ஆள் இருக்கிறதா என்பதே அப்போது உண்மையான கேள்வி. இரவுப் பணி முடித்து வரும் மருத்துவரை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இரண்டாம் படி: சதவீதத்தைப் பிள்ளைகளாக மாற்றுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இந்தப் படியை வையுங்கள்.

2015-இல் வந்த கூட்டரசுக் கல்விச் சட்டத்தின்படி ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு பள்ளிக்கும் 'ரிப்போர்ட் கார்டு' வெளியிட வேண்டும். மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டு வரை ஆண்டுதோறும், உயர்நிலையில் ஒருமுறை, வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு. கென்டக்கி அந்த முடிவுகளை நான்கு படிநிலைகளாகப் பிரிக்கிறது: நாவிஸ், அப்ரென்டிஸ், புரொஃபிஷியன்ட், டிஸ்டிங்விஷ்டு. பின் இரண்டில் இருப்பவர்களைத்தான் 'தேறியவர்கள்' என்று கூட்டிச் சொல்வார்கள். இவற்றோடு வேறு சில அளவுகளையும் சேர்த்துப் பள்ளிக்குச் சிவப்பிலிருந்து நீலம் வரை ஐந்து நிறங்களில் ஒன்று கிடைக்கும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானை நிறையச் சோறு இருந்தால் சரி. பானையில் இருப்பதே இருபது பருக்கை என்றால்?

ஒரு கற்பனைக் கணக்கு. நான்காம் வகுப்பில் 20 பிள்ளைகள். சென்ற ஆண்டு கணக்கில் 60 சதவீதம் பேர் தேறினார்கள். இந்த ஆண்டு 45. பார்த்தவுடன் பள்ளி சரிந்துவிட்டது என்று தோன்றும். எண்ணிப் பாருங்கள்: 12 பேர் இருந்த இடத்தில் 9 பேர். வித்தியாசம் மூன்று பிள்ளைகள். ஒருவன் தேர்வன்று காய்ச்சலோடு வந்தான், ஒருத்தி நவம்பரில்தான் வேறு ஊரிலிருந்து வந்து சேர்ந்தாள் என்றாலே கதை முடிந்தது. 600 பேர் தேர்வெழுதும் பள்ளியில் 15 புள்ளி வீழ்ச்சி என்பது 90 பிள்ளைகள். அங்கே அது செய்தி. இங்கே அது வானிலை மாதிரி.

ஆகவே செய்ய வேண்டியது இது. ஒவ்வொரு பள்ளிக்கும் வகுப்புவாரியாக எத்தனை பிள்ளைகள் என்று குறித்துக்கொள்ளுங்கள். தேசியக் கல்விப் புள்ளிவிவர மையத்தின் தளத்தில் எந்தப் பள்ளியின் பெயரைத் தட்டினாலும் அது கிடைக்கும். சதவீதத்தைத் தலைகளாக மாற்றுங்கள். மூன்று ஆண்டுகளைக் கூட்டுங்கள்: 12, 9, 11 பேர் என்றால் 60-க்கு 32, அதாவது 53 சதவீதம். இந்தக் கூட்டு எண்ணைத்தான் பக்கத்துப் பள்ளியின் கூட்டு எண்ணோடு ஒப்பிட வேண்டும். இரண்டுக்கும் ஐந்தாறு புள்ளி வித்தியாசம் இருந்தால் அதை வித்தியாசமாகவே கொள்ளாதீர்கள். 20 புள்ளி இடைவெளி மூன்று ஆண்டுகளும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் அப்போது காது கொடுங்கள்.

2020 வசந்தத்தில் கொரோனாவால் தேர்வே நடக்கவில்லை. 2022 ஜூலை வெள்ளத்தில் கிழக்குக் கென்டக்கியின் பல கவுண்டிகள் சேதமடைந்தன. சில இடங்களில் பள்ளி திறப்பதே தள்ளிப்போனது. அப்படிப்பட்ட ஆண்டைத் தனியே குறித்து வையுங்கள். மாநில எல்லை தாண்டி ஒப்பிடவும் முடியாது. டக் ஃபோர்க் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேற்கு வர்ஜீனியா, கூப்பிடு தூரம். ஆனால் அவர்கள் எழுதுவது வேறு தேர்வு.

சில கட்டங்களில் எண்ணுக்குப் பதில் நட்சத்திரக் குறியோ கோடோ இருக்கும். எதையோ மறைக்கிறார்கள் என்று நானும் முதலில் சந்தேகப்பட்டேன். ஒரு பிரிவில் மிகச் சிலரே இருந்தால் யாருடைய மதிப்பெண் என்று ஊருக்கே தெரிந்துவிடும் என்பதால் மறைப்பதுதான் விதி. 'ஆசியர்' என்ற வரிசையில் பெரும்பாலும் கோடுதான் இருக்கும். உங்கள் பிள்ளை சேர்ந்த பிறகும் கோடாகவே இருக்கும்.

மூன்றாம் படி: ஏமாற்றும் எண்கள்

தேர்ச்சி விகிதம், பிள்ளைகள் எந்த வீட்டிலிருந்து வருகிறார்கள் என்பதைப் பாதியும் பள்ளி என்ன செய்தது என்பதைப் பாதியும் சொல்லும். பள்ளியின் பங்கை மட்டும் பிரித்துப் பார்க்க வளர்ச்சியைப் பார்க்க வேண்டும்: மூன்றாம் வகுப்பில் எங்கே இருந்தார்கள், ஐந்தில் எங்கே வந்தார்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் கல்வி வாய்ப்புத் திட்டம் நாடு முழுக்க இதைக் கணக்கிட்டு இலவசமாக வைத்திருக்கிறது. சராசரி மதிப்பெண் தாழ்ந்திருந்தும் கற்றல் வேகம் நன்றாக இருக்கும் ஏழை மாவட்டங்கள் அதில் கண்ணில் படும். எனக்கு அந்த மாவட்டங்கள் மேல் ஒரு சாய்வு உண்டு, ஒளிக்கவில்லை.

இலவச மதிய உணவு பெறுவோர் சதவீதத்தை வறுமையின் அளவுகோலாகப் பலர் பயன்படுத்துகிறார்கள். ஆனால், அரசு உதவித் திட்டங்களின் வழியே தானாகத் தகுதி பெறும் பிள்ளைகள் குறிப்பிட்ட விகிதத்துக்கு மேல் இருந்தால் பள்ளி முழுவதுக்குமே இலவச உணவு தரலாம் என்று ஒரு விதி இருக்கிறது. அந்த விகிதம் முன்பு 40 சதவீதம். 2023-இல் 25 ஆகக் குறைத்தார்கள். அப்படிப்பட்ட பள்ளியில் மருத்துவர் பிள்ளைக்கும் சாப்பாடு இலவசம். 'நூறு சதவீதம்' என்று அட்டவணையில் கண்டு மிரள வேண்டாம்.

ஆசிரியர்–மாணவர் விகிதம் இன்னொன்று. 13-க்கு ஒருவர் என்று இருக்கும். சிறப்புக் கல்வி, உடற்பயிற்சி ஆசிரியர்களையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. வகுப்பறையில் எத்தனை பேர் என்று நேரில் கேட்டால்தான் தெரியும். அதைவிட முக்கியமானது வருகை. கல்வி ஆண்டின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வராமலிருப்பவர்களைத் 'தொடர் வராதோர்' என்று கணக்கிடுகிறார்கள். வகுப்பில் மூன்றில் ஒருவர் அப்படி என்றால், ஆசிரியர் திங்கட்கிழமை தோறும் வெள்ளிக்கிழமைப் பாடத்தை மறுபடி நடத்திக்கொண்டிருப்பார்.

நான்காம் படி: இல்லாததைப் பட்டியலிடுங்கள்

தொடக்கப் பள்ளியில் சிறியது பெரும்பாலும் நல்லதே. உயர்நிலையில் கதை மாறுகிறது. ஒரு வகுப்பில் 40 பேர் இருக்கும் பள்ளியில் கால்குலஸ் எடுக்க நான்கு பேர்தான் இருப்பார்கள். நான்கு பேருக்காக ஓர் ஆசிரியரை ஒரு பாடவேளை முழுக்க நிறுத்துவது எந்த முதல்வருக்கும் சுலபமல்ல. கூட்டரசுக் கல்வித் துறையின் சிவில் உரிமைத் தரவுத் தொகுப்பில் எந்தப் பள்ளியில் கால்குலஸ், இயற்பியல், ஏ.பி. எனப்படும் கல்லூரித் தரப் பாடங்கள் நடக்கின்றன என்று பார்க்கலாம். அந்தத் தரவு பழையதாக இருக்கும், பள்ளியில் இப்படிக் கேளுங்கள்: "வேதியியல் யார் நடத்துகிறார்? எத்தனை ஆண்டுகளாக? அவர் ஓய்வு பெற்றால்?" மூன்றாவது கேள்விக்குச் சிரிப்பு வந்தால் அதுவும் பதில்தான். கிராமப்புற உயர்நிலைப் பள்ளி பல நேரம் இரண்டு மூன்று ஆசிரியர்களின் தோளில் நிற்கிறது.

பள்ளிக்குள் இல்லாதது எங்கே கிடைக்கும் என்பது அடுத்த கேள்வி. சமுதாயக் கல்லூரிப் பாடத்தைப் பள்ளிக் காலத்திலேயே படித்து இரண்டு இடத்திலும் மதிப்பு பெறுவது 'டூயல் கிரெடிட்'. பைக் கவுண்டிப் பகுதிக்கு பிக் சாண்டி சமுதாய, தொழில்நுட்பக் கல்லூரி அந்த வேலையைச் செய்கிறது. பாடம் நேரிலா இணையத்திலா, நடத்துபவர் கல்லூரி ஆசிரியரா பள்ளி ஆசிரியரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புக்கு மாநிலம் நடத்தும் இரண்டு உறைவிடக் கணித–அறிவியல் பள்ளிகள் உண்டு: பவுலிங் கிரீனில் கேட்டன் அகாதெமி, மோர்ஹெட்டில் கிராஃப்ட் அகாதெமி. போட்டி கடுமை, ஆனால் 'மலையில் இருந்தால் பிள்ளையின் எதிர்காலம் போச்சு' என்று புலம்பும் உறவினர்களுக்குச் சொல்ல இவை நல்ல பதில்.

அதே பட்டியலின் மறுபக்கத்தையும் எழுதுங்கள். 2,500 பேர் படிக்கும் புறநகர்ப் பள்ளியில் கூடைப்பந்து அணியில் இடம் குதிரைக் கொம்பு. இங்கே ஆர்வம் இருந்தால் அணி, இசைக்குழு, 'கவர்னர்ஸ் கப்' கல்விப் போட்டி மூன்றிலும் ஒரே பிள்ளை இருக்கலாம். பல சமயம் அந்தப் பிள்ளை இல்லாவிட்டால் அணியே அமையாது. வெல்டிங், செவிலியர் உதவி போன்ற தொழிற்பயிற்சி பல இடங்களில் தரமாக இருக்கிறது. நம்மவர்கள் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது நம் குறை.

பேச்சுப் பயிற்சி, தொழில்வழிச் சிகிச்சை, கற்றல் குறைபாட்டுக்கு உதவி தேவைப்படும் பிள்ளை என்றால் இந்தப் படியையே முதல் படியாக்குங்கள். தேவைப்படும் சேவையைத் தருவது சட்டப்படி எந்த மாவட்டத்துக்கும் கடமை. ஆனால் நிபுணர் வாரத்துக்கு எத்தனை நாள் அந்தக் கட்டடத்துக்கு வருகிறார், அந்தப் பணியிடம் இப்போது நிரம்பியிருக்கிறதா என்பவையே வித்தியாசத்தை உண்டாக்கும்.

ஐந்தாம் படி: சாலையும் பனியும்

வரைபடத்தில் மைலைப் பார்க்காதீர்கள். மலைச் சாலையில் பத்து மைல் என்பது நிமிடக் கணக்கில்தான் புரியும். நான் செய்தது இது: ஒரு வார நாளில், விடிவதற்கு முன், பேருந்துக்குப் பின்னாலேயே காரை ஓட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொரு பள்ளத்தாக்கு முனையிலும் நின்று நின்று போன அந்த வண்டி ஒரே காலையில் என் அட்டவணையின் வரிசையை மாற்றிவிட்டது. ஐந்து வயதுப் பிள்ளை தினமும் இரண்டு மணி நேரம் பேருந்தில் கழிப்பதை எந்த நிறமும் ஈடுசெய்யாது.

பனி விழுந்தால் பள்ளி மூடப்படும். ஊருக்குள் வெயில் அடித்தாலும் வடசரிவுச் சாலைகளில் பனி உறைந்து கிடக்கும். கென்டக்கியில் ஆண்டுக்குக் குறைந்தது 170 மாணவர் வருகை நாட்கள், 1,062 மணி நேரம் என்பது சட்டம். அதில் பத்து நாட்கள் வரை வீட்டிலிருந்தே படிக்கும் 'என்.டி.ஐ.' நாட்களாகக் கொள்ளலாம். அந்த நாட்களில் உண்மையில் பாடம் நடக்கிறதா, ஒரு தாள் கட்டைக் கொடுத்துவிட்டு முடித்துக்கொள்கிறார்களா என்று வேறு பெற்றோரிடம் விசாரியுங்கள். மேற்கே போனால் வேறு சிக்கல்: கொலராடோவின் பள்ளி மாவட்டங்களில் பாதிக்கு மேல் வாரம் நான்கு நாட்கள்தான் நடக்கின்றன. ஐந்தாம் நாளில் பிள்ளையை யார் பார்ப்பது என்று யோசித்துவிட்டுப் போங்கள்.

ஆறாம் படி: இந்தப் பள்ளி இன்னும் ஐந்து ஆண்டு இருக்குமா?

மக்கள் குறையும் கவுண்டியில் பள்ளிகளை மூடுவார்கள், இணைப்பார்கள். புறநகரிலிருந்து வருபவருக்கு இந்தக் கேள்வி தோன்றவே தோன்றாது. கென்டக்கியில் ஒவ்வொரு மாவட்டமும் கட்டடத் திட்டம் ஒன்றை வெளியிடும். அதில் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு வகை குறிக்கப்பட்டிருக்கும். 'பெர்மனன்ட்' என்றால் நிம்மதி. 'டிரான்சிஷனல்' என்றால் அந்தக் கட்டடத்துக்குப் பிரியாவிடை யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று பொருள். சென்ற ஓராண்டு வாரியக் கூட்டக் குறிப்புகளையும் படியுங்கள். சலிப்பூட்டும் வேலைதான், கூரை பழுதுபார்ப்பு, பேருந்து டெண்டர், ராஜினாமாக்கள் என்று போகும். அந்த ராஜினாமாப் பட்டியல்தான் வேண்டும். ஒரே பள்ளியிலிருந்து ஜூன் மாதத்தில் ஆறு பேர் விலகியிருந்தால் எந்த ரிப்போர்ட் கார்டும் அவ்வளவு சீக்கிரம் அதைச் சொல்லாது.

ஏழாம் படி: நேரில் போவது

முன்கூட்டிச் சொல்லிவிட்டு, பாடம் நடக்கும் நாளில் போங்கள். முதல்வரின் பேச்சைவிட அலுவலக முகப்பில் இருக்கும் அம்மையார் நுழையும் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைக்கிறாரா என்பதை நான் கவனிப்பேன். கென்டக்கியில் பெரும்பாலான பள்ளிகளுக்கு ஒரு முடிவெடுக்கும் மன்றம் உண்டு: முதல்வர், மூன்று ஆசிரியர்கள், பெற்றோர் தேர்ந்தெடுக்கும் இரண்டு பெற்றோர். இது 1990 கல்விச் சீர்திருத்தச் சட்டத்தின் பிள்ளை. 66 ஏழை மாவட்டங்கள் தொடுத்த வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் 1989-இல் முழுப் பள்ளி அமைப்பையே அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அதன் விளைவாக வந்த சட்டம் அது. 2022-இல் முதல்வரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரமும் பாடத்திட்ட அதிகாரமும் கண்காணிப்பாளரிடம் போய்விட்டன என்றாலும் மன்றக் கூட்டம் யாரும் போய் உட்காரக் கூடியது. அங்கே இருக்கும் பெற்றோர் இருவரையும் பிடியுங்கள். ஒரு மணி நேரத்தில் எல்லாம் தெரிந்துவிடும்.

எட்டாம் படி: நம் வீட்டுக்கே உரிய சில

சேர்க்கையின்போது 'வீட்டு மொழிப் படிவம்' தருவார்கள். தமிழ் என்று எழுதினால் பிள்ளைக்கு ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். அதற்குப் பயந்து 'ஆங்கிலம்' என்று எழுதும் பெற்றோரை எனக்குத் தெரியும். உண்மையையே எழுதுங்கள். தேர்வில் தேறிவிட்டால் அதோடு முடிந்தது. தேறாவிட்டால் கூடுதல் உதவி கிடைக்கும். வேண்டாம் என்று மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் மறுத்தாலும் ஆண்டுதோறும் வரும் மொழித் தேர்வு தொடரும். இருநூறு பிள்ளைகள் உள்ள பள்ளியில் இதற்கெனத் தனி ஆசிரியர் இருப்பது அரிது; பல பள்ளிகளைச் சுற்றி வருபவர்தான் இருப்பார். அவர் எந்த நாளில் வருகிறார் என்று கேளுங்கள்.

சைவப் பிள்ளைக்கு உணவகத்தில் சீஸ் பீட்சா, கடலை வெண்ணெய் ரொட்டி தவிரப் பெரிதாக ஒன்றும் இருக்காது. தயிர்ச் சோறு கட்டிக் கொடுங்கள். ஒரு வாரத்தில் வேடிக்கை பார்ப்பது நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை எந்தத் தேவாலயம் என்று எல்லோரும் கேட்பார்கள். அது விசாரணை அல்ல, விருந்தோம்பல்.

கடைசியாகக் காகிதங்கள். கென்டக்கியில் ஆகஸ்ட் 1-க்குள் ஐந்து வயது முடிந்திருந்தால்தான் கிண்டர்கார்டன். பிறப்புச் சான்று, முகவரிச் சான்று, மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றோடு, முதன்முறை சேரும் சிறு பிள்ளைகளுக்குக் கண், பல் பரிசோதனைச் சான்றும் கேட்பார்கள். ஊசி அட்டையில் நம் பிள்ளைகள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது ஹெபடைடிஸ்-ஏ. 2018 முதல் இரண்டு டோஸ் கட்டாயம். இரண்டுக்கும் இடையே ஆறு மாத இடைவெளி வேண்டும். சென்னையிலேயே முதல் ஊசியைப் போட்டு, தேதியையும் மருத்துவர் முத்திரையையும் ஆங்கிலத்தில் வாங்கிக்கொண்டு விமானம் ஏறினால், இரண்டாவது டோஸ் வரைக்கும் தற்காலிகச் சான்றிதழில் பள்ளியில் உட்கார வைத்துவிடலாம்.